ரோடு போடும் முன் நிலத்தை நடந்து பார்ப்பது எப்படி? சாலை, பாலப் பணிகளுக்கான தொல்லியல் கள ஆய்வு

சாலை அகலப்படுத்தும் பணிக்கோ புதுப் பாலத்துக்கோ முன்னால் தொல்லியல் கள ஆய்வு செய்யும் குழுவில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தால், முதலில் கைக்கு வருவது அலைன்மென்ட் வரைபடம். நடுவில் ஒரு கோடு, இருபுறமும் கையகப்படுத்தப்போகும் நிலத்தின் எல்லை, ஓரத்தில் செயினேஜ் எண்கள், அதாவது சாலை தொடங்கும் இடத்திலிருந்து உள்ள தூரம். அந்தப் பட்டையை மட்டும் நடந்து பார்த்துவிட்டு அறிக்கை எழுதுபவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் அது பாதி வேலைகூட ஆகாது.

காரணம் மண். சாலையை உயர்த்தவும், பாலத்தின் இரு பக்கமும் அணுகுசாலைக்கு மேடு கட்டவும் லோடு லோடாகக் கிராவல் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பயிர் வைக்க லாயக்கில்லாத, சரளையும் செம்மண்ணும் கலந்த மேட்டு நிலத்திலிருந்து. இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்தவர்களும் விளைநிலத்தை வீணாக்காமல் அதே மாதிரி மேடுகளில்தான் இறந்தவர்களைப் புதைத்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் போய் நின்று பார்த்தால் இது உடனே விளங்கும். அக்கம்பக்கத்தில் வயலும் குளமும், நடுவே சரளை மேடு, சரளைக்குள் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழி. அங்கே 114 ஏக்கர் பாதுகாக்கப்பட்ட நிலமாக இருக்கிறது. அதே குணமுள்ள, பெயர் தெரியாத மேடுகள் எத்தனையோ வெறும் கிராவல் குவாரியாகப் பார்க்கப்படுகின்றன. இந்தியாவின் பழைய கற்காலம் வெளிச்சத்துக்கு வந்ததே ஒரு சரளைக் குழியில்தான். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளை எடுத்த குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார்.

அதனால் வேலையில் சேர்ந்த அன்றே பொறியாளரிடம் கேட்க வேண்டியது இது: மண் எடுக்கப்போகும் இடங்கள், ஜல்லி கிரஷர், கான்கிரீட் கலவை நிலையம், தார் பிளான்ட், தொழிலாளர் தங்கும் இடம், தற்காலிக மாற்றுப்பாதை. இவை எல்லாம் எங்கே வருகின்றன? "அதெல்லாம் கான்ட்ராக்டர் வந்தப்புறம் முடிவாகும்" என்பார்கள். சரி, அப்படியானால் சாலையிலிருந்து லாரி ஓடக்கூடிய தூரத்துக்குள் கிராவல் கிடைக்கும் மேடுகளை நீங்களே குறித்து, அவற்றையும் நடந்து பாருங்கள். எந்த மேட்டில் மண் எடுக்கக்கூடாது என்ற பட்டியல், கான்ட்ராக்டர் வரும் முன்பே தயாராக இருக்கட்டும்.

நடக்கும் முன் மேசையில் செய்ய வேண்டியது

முதலில் சட்டத்தின் எல்லைகளை வரைபடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இந்த வட்டத்துக்குள் எந்த வேலையானாலும் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் நடைமுறைக்கு உட்பட்டது. அளவு தொடங்குவது கோயில் சுவரிலிருந்தோ கோபுரத்திலிருந்தோ இல்லை; பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த நிலத்தின் எல்லையிலிருந்து. அறிவிக்கையில் உள்ள சர்வே எண்ணை எடுத்து, புலப்படத்தில் (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அந்த எல்லையைப் பார்த்துவிட்டு அளந்துகொள்ளுங்கள். மாநில அரசின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அந்தப் பட்டியலையும் மாநிலத் தொல்லியல் துறையிடம் வாங்கிவிடுங்கள்.

பட்டியலில் இருப்பதைக் குறிப்பது எளிது. உங்கள் உண்மையான வேலை பட்டியலில் இல்லாததைக் கண்டுபிடிப்பது. வைகைக் கரையோரம் மத்தியத் தொல்லியல் துறை 2013–14இல் நடத்திய கள ஆய்வில் 293 இடங்கள் பதிவாயின. கீழடியின் தென்னந்தோப்பும் அவற்றில் ஒன்று. ஆய்வுக்குழு நடந்து போயிராவிட்டால் அது தோப்பாகவே இருந்திருக்கும்.

ஊர்ப்பெயரைவிட நிலத்தின் பெயர் அதிகம் பேசும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படம், நில விவரங்கள் உள்ள அ-பதிவேடு ஆகியவற்றைப் பாருங்கள். பெரியவர்கள் வாயிலிருந்தும் கேளுங்கள். நத்தமேடு, கோட்டைமேடு, மாளிகைமேடு, பள்ளிச்சந்தைத் திடல், தாழிக்காடு, பாண்டவர் வீடு, பாண்டியன் குழி, குள்ளர் குகை. இப்படி ஒரு பெயர் கண்ணில் பட்டால் அந்தச் சர்வே எண்ணைச் சுற்றி வட்டம் போடுங்கள். மேடு, திடல், பறம்பு, துறை, சாவடி, சத்திரம் என்று முடிகிற பெயர்களையும் விடாதீர்கள். பழைய சர்வே வரைபடத்தில் இருந்து இன்றைய செயற்கைக்கோள் படத்தில் காணாமல் போன குளம், மேடு, வண்டிப்பாதை எல்லாம் குறிக்கத்தக்கவை. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது. கோடைக்காலப் படங்களைத் தேர்ந்தெடுங்கள்.

நேரம் மிக முக்கியம். உங்கள் அறிக்கை, திட்ட அறிக்கை தயாராகும்போதே, மாற்றுப் பாதைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே, பொறியாளர் மேசைக்குப் போக வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956 சட்டத்தின்படி நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிக்கை வருவதற்கு முன். 3டி அறிவிப்பு வந்து நிலம் அரசுடையதாகிவிட்டால் பாதையை 50 மீட்டர் தள்ளுவதுகூடப் பெரும்பாடு. அதே 50 மீட்டர் ஓர் ஆண்டு முன்பு கணினியில் ஒரு கோட்டை நகர்த்துவதோடு முடிந்திருக்கும். உலக வங்கிக் கடனில் நடக்கும் சாலைப் பணிகளில் பண்பாட்டு மரபுக்கென்று தனி விதியே இருக்கிறது. எட்டாவது நியமம் என்பார்கள். ஆசிய வளர்ச்சி வங்கியும் இதைக் கேட்கும். அரசின் சொந்த நிதியில் நடக்கும் பணிகளில் பெரும்பாலும் நாம்தான் கதவைத் தட்ட வேண்டும்.

எப்போது நடப்பது, எப்படி நடப்பது

நல்ல பருவம் இரண்டு. ஒன்று, அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும் தை, மாசி. இன்னொன்று, உழவு போட்டபின் முதல் மழை பெய்து ஓய்ந்த மறுநாள். மழை மண்ணைக் கழுவிவிட்டுப் பானை ஓடுகளை மட்டும் மேலே விட்டு வைத்திருக்கும். சிவப்பும் கறுப்பும் பளிச்சென்று தெரியும். வெயில் சாய்ந்து விழும் காலை நேரத்தில் நடங்கள். உச்சிவெயிலில் தரை தட்டையாகத் தெரியும், சின்ன மேடுகூடக் கண்ணுக்குப் படாது.

நான்குவழிச் சாலைக்கு எடுக்கும் நிலம் வழக்கமாக 60 மீட்டர் அகலம். ஆளுக்கு ஆள் 10 மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக, ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். யாராவது எதையாவது கண்டால் எல்லாரும் நிற்க வேண்டும். முன்னால் ஓடிப்போய்க் கூடிப் பார்க்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள், வரிசை கலைந்தால் இடையில் ஒரு கீற்று நிலம் யாரும் பார்க்காமல் போய்விடும்.

ஒவ்வொரு வயலுக்கும் தரை எவ்வளவு தெரிந்தது என்று எழுதுங்கள். வெறுந்தரை, பாதி மூடியது, சீமைக்கருவேலத்தால் ஒன்றும் தெரியவில்லை என்று மூன்று நிலை போதும். இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்பதும் "பார்க்கவே முடியவில்லை" என்பதும் வேறு வேறு. இரண்டும் அறிக்கையில் ஒரே வெற்றுக் கட்டமாக நின்றால், கருவேலத்தை வெட்டும் புல்டோசர்தான் அந்த இடத்தின் முதல் ஆய்வாளர்.

முள் ஏறாத ஷூ, தண்ணீர், தொப்பி, ரோட்டோரத்தில் நடக்கும்போது ஒளிரும் மேலங்கி. நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். இவ்வளவுதான் முன்னேற்பாடு.

தரையில் எதைப் பார்ப்பது

பானை ஓடுதான் முக்கால்வாசி சாட்சி. முதலில் பழகிக்கொள்ள வேண்டியது கறுப்பு–சிவப்பு ஓடு. ஒரு துண்டைக் கையில் எடுத்து உடைந்த விளிம்பைப் பாருங்கள். உட்புறம் முழுக்கக் கறுப்பு. வெளிப்புறம் வாய் விளிம்பை ஒட்டிக் கறுப்பு, அதற்குக் கீழே சிவப்பு. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பகுதி கறுத்துப்போனது என்பது பொதுவான விளக்கம். மேற்பரப்பு தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கும். இன்றைய அடுப்புக்கரி படிந்த சட்டியிலும் கறுப்பும் சிவப்பும் இருக்கும்தான். ஆனால் அதில் கரி வெளியே, அடிப்பக்கம். நகத்தால் சுரண்டினால் கையோடு வரும். பழைய ஓட்டில் கறுப்பு ஓட்டோடு ஒன்றியிருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை விரல் பழகிக்கொண்டாலே பாதித் தயக்கம் போய்விடும்.

விரல் தடிமனுக்கு மேல் கனத்த, சொரசொரப்பான ஓடுகள் ஒரே இடத்தில் வட்டமாகச் சிதறிக் கிடந்தால் தாழி. சரளை மேட்டில் கற்கள் வட்டமாக நின்றால் கல்வட்டம். பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடியிருந்தால் கற்திட்டை. அதையே மண்ணுக்குள் புதைத்திருந்தால் கற்பதுக்கை. பாதி வட்டத்தை ஏற்கெனவே குவாரி தின்றிருந்தாலும் மீதியைப் பதியுங்கள். வாழ்விடம் என்றால் ஓட்டோடு சங்கு வளையல் துண்டு, மணி, நூல் நூற்கும் சுடுமண் தக்களி, கனமான இரும்புக் கசடு, சாம்பல் நிற மண் எல்லாம் சேர்ந்து வரும். ஓட்டின் தோள்பகுதியில் கீறல் குறியீடோ பழைய தமிழ் எழுத்தான தமிழியோ இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்.

ஏமாற்றும் ஓடுகளும் உண்டு. நம் ஊரில் குளத்து வண்டலை வயலுக்கு அடிப்பது வழக்கம். குளத்துக்குள் கிடந்த ஓடு வண்டியேறி இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வயலில் பரவிக் கிடக்கும். ஓடு எல்லாம் சிறிதாய், முனை மழுங்கி, சீராகப் பரவியிருந்தால் "இந்த மண்ணு எங்கேயிருந்து வந்தது?" என்று நிலத்துக்காரரைக் கேளுங்கள். பதில் உங்களை உண்மையான இடத்துக்குக் கூட்டிப் போகும். பழைய ரோட்டோரத்துச் சரளையில் கல் கருவி கிடைத்தாலும் இதே கேள்விதான்: இந்தச் சரளை எந்தக் குழியிலிருந்து வந்தது?

நாம் தோண்டக் கூடாது. அகழாய்வுக்கு மத்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். கள ஆய்வுக் குழுவுக்கு அந்த உரிமை கிடையாது. ஆனால் ஊரில் ஏற்கெனவே தோண்டிய குழிகள் நிறைய இருக்கின்றன. கிணற்றைச் சுற்றிக் கொட்டிய மண், கழிப்பறைக் குழி, மின்கம்பக் குழி, வாய்க்கால் கரை, எலி வளை, கரையான் புற்று. ஒவ்வொன்றும் நிலத்தின் உட்பக்கத்தைக் காசில்லாமல் காட்டும். கிணற்று வெட்டுமுகத்தில் ஓடு எந்த ஆழத்தில் தெரிகிறது என்று டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். அந்த ஒரு அளவு, சாலைக்கு மண்ணை எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்ற கேள்விக்குப் பொறியாளருக்கு நேரடியான பதில்.

ரோட்டோரத்திலேயே நிற்பவை

சாலை அகலமாகும்போது முதலில் போவது ஓரத்தில் நிற்கும் கற்கள். சுமைதாங்கி, மைல்கல், எல்லைக்கல், நடுகல், சதிக்கல், கிணற்றடித் தொட்டி, செங்கல் வளைவு வைத்த பழைய சிறுபாலம். சுமைதாங்கிக் கல் பல ஊர்களில் பிள்ளைப்பேற்றுக்கு முன்பே இறந்துபோன கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாக நட்டது. பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும் கற்களும் உண்டு. தலைச்சுமையோடு நடந்தவர்கள் போன பிறகு அதற்குப் பயன் இல்லை என்று ஜேசிபி வாளியில் தூக்கிக் குழியில் போடுகிறார்கள். எனக்கு இது பொறுக்க முடியாத காரியம். ஒரு பெண்ணுக்கு ஊர் எழுப்பிய ஒரே நினைவு அது. இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் குடும்பத்தாரையும் ஊராரையும் கேட்டு, அதே ஊர் எல்லைக்குள், அதே திசை பார்த்து நிறுத்தச் சொல்லி அறிக்கையில் எழுதுங்கள்.

பழைய பெருவழிகளின் கற்கள் இன்னும் அரியவை. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் நாவற்தாவளம் என்ற இடத்துக்கு எத்தனை காதம் (பழைய தூர அளவு) என்பது எழுத்தோடு குழிகளாகவும் செதுக்கப்பட்டிருக்கிறது, படிக்கத் தெரியாதவரும் எண்ணித் தெரிந்துகொள்ளட்டும் என்று. இன்றைய சாலை பல இடங்களில் பழைய பாதைமேல்தான் ஓடுகிறது. அதனால் இப்படி இன்னொரு கல் புளியமரத்தடியில் சாய்ந்து கிடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை வட்டாரங்களில் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மஞ்சளும் எண்ணெயும் ஏறிப்போய் எழுத்து மறைந்திருக்கும். துடைக்கத் தொடாதீர்கள். பூசாரியிடம் கேட்டு, அபிஷேகம் முடிந்து ஈரம் இருக்கும்போது பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தால் எழுத்து எழும்பி வரும்.

ஏரிக்கரைமேல் சாலை போகும் இடங்களில் மதகையும் பாருங்கள். ஏரிக்குள் இரண்டு கல் தூண் நின்றால் அது குமிழித் தூம்பாக, அதாவது ஏரி நீரைத் திறந்துவிடும் பழைய மதகாக, இருக்கலாம். தூணில் கல்வெட்டு இருக்கும். கோடையில் நீர் வற்றியபின் போங்கள்.

ஊராரிடம் எப்படிக் கேட்பது

"இந்தப் பக்கம் பழைய பொருள் ஏதாவது கிடைச்சிருக்கா?" என்று கேட்டால், "அப்படி ஒண்ணும் இல்லீங்க சார்" என்றுதான் பதில் வரும். புதையல் தேடி வந்தவர்கள், இல்லையென்றால் நிலத்தைப் பிடுங்க வந்தவர்கள் என்று நினைப்பார்கள். கேள்வியை அவர்கள் வேலையிலிருந்து தொடங்குங்கள்.

"ஆத்தா, இந்தக் கிணறு வெட்டுறப்ப என்ன மண்ணு வந்துச்சு?"

"மேல செவலை, அப்புறம் ஓடக்கல்லு. நடுவுல ஆள் ஒசரத்துக்குப் பானையா வந்துச்சு தம்பி, ஒடைச்சுக் கரையில போட்டுட்டாக."

இவ்வளவு போதும். இப்படி வரும் தாழியைத் தெற்கே சில ஊர்களில் மதமதக்கத் தாழி என்பார்கள். அந்தச் சொல்லை நீங்கள் சொன்னதுமே பேச்சு திறக்கும். ஆடு மேய்ப்பவர்கள், நூறு நாள் வேலையில் குளம் வெட்டிய பெண்கள், ஜேசிபி ஓட்டுபவர்கள், தலையாரி ஆகியோர்தான் அந்த மண்ணை உங்களைவிட அதிகம் பார்த்தவர்கள். சாலை எங்கே வருகிறது, யார் நிலம் போகிறது என்று உங்களைத் திருப்பிக் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததற்கு எந்த அலுவலகத்தில் கேட்பது என்று சொல்லுங்கள். நீங்கள் கண்டெழுதும் இடத்தால் நிலம் உடனே பறிபோய்விடாது என்பதையும் விளக்குங்கள்.

பாலம் வரும் இடம்

ஆற்றங்கரையில் மேற்பரப்பை நம்ப முடியாது. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் பழைய குடியிருப்பை ஆள் உயரத்துக்கு மூடியிருக்கலாம். மேலே ஒரு ஓடுகூடத் தெரியாது. இங்கே உங்களுக்கு உதவக்கூடியவர்கள் மண் பரிசோதனைக் குழு. தூண் அடித்தளத்துக்காக அவர்கள் போடும் துளையில் மேல் சில மீட்டர் மண்ணைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஓட்டுத் துணுக்கு, கரி, சிப்பி, செங்கல் தூள் எது இருந்தாலும் ஆழத்தோடு குறியுங்கள். அரிப்பு விழுந்த கரையை ஆற்றுக்குள் இறங்கி நின்று பாருங்கள். உறைகிணற்றின் சுடுமண் வளையங்கள் கரை வெட்டில் அடுக்கடுக்காகத் தெரியும் இடங்கள் உண்டு.

பாலம் பொதுவாக மக்கள் முன்பே ஆற்றைக் கடந்த துறையை ஒட்டித்தான் வரும். அதனால் படித்துறை, மண்டபம், சத்திரம் எல்லாம் அருகிலேயே இருக்கும். பழைய பாலமும் ஆய்வுக்குரியதே. திருநெல்வேலியில் தாமிரபரணிமேல் 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலம் அதைக் கட்டப் பணம் கொடுத்தவர் பெயரில் இன்றும் நிற்கிறது. புதுப் பாலத்தைப் பக்கத்தில் கட்டும்போது பழையதன் கல்வெட்டுப் பலகை, கைப்பிடிச் சுவர், தூண் அடி எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள்.

பதிவு செய்வது

ஒவ்வொரு இடத்துக்கும் செயினேஜ், நடுக்கோட்டிலிருந்து தூரம், இடமா வலமா, கிராமம், சர்வே எண், அட்சரேகை–தீர்க்கரேகை, பரப்பு, என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். தொல்லியலாளர் செயினேஜை மறப்பார், பொறியாளர் சர்வே எண்ணை மறப்பார். இரண்டும் இருந்தால்தான் அறிக்கை இரு அலுவலகத்திலும் வேலை செய்யும். அட்சரேகை–தீர்க்கரேகையைப் பாகையில், ஐந்து தசம இடம்வரை எழுதுவது நல்லது. உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யுடிஎம் எண்ணில் எழுதினால் தமிழ்நாட்டில் ஒரு சிக்கல் உண்டு: 78 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே 43ஆம் மண்டலம், கிழக்கே 44. மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலை நடுவில் மண்டலம் மாறும். கவனிக்காவிட்டால் உங்கள் தாழிக்காடு வரைபடத்தில் பல நூறு கிலோமீட்டர் தள்ளி விழும்.

படத்தில் அளவுகோல் வையுங்கள். பொருளை எடுத்து வராதீர்கள். இருந்த இடத்திலேயே விடுங்கள். கண்டதை முகநூலில் இடம் சொல்லிப் போடவே போடாதீர்கள். அடுத்த அமாவாசைக்குள் புதையல் தோண்டுபவர்கள் வந்துவிடுவார்கள்.

அறிக்கையும் அதற்குப் பிறகும்

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தெளிவான பரிந்துரை எழுதுங்கள்: பாதையைத் தள்ளுவது, மண் வெட்டாமல் மணல் விரித்து மேலே கரை கட்டுவது, பணிக்கு முன் அகழாய்வு, வேலை நடக்கும்போது உடனிருந்து கண்காணிப்பு. "கவனம் தேவை" என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள். அகழாய்வு என்றால் உரிமம், ஆள், பருவம் எல்லாம் பார்த்து ஓர் ஆண்டாவது ஒதுக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்–ஹண்டிங்டன் ஏ14 சாலைக்கு, 2016 தொடங்கி, ஒரு கட்டத்தில் 250 தொல்லியலாளர்கள் வரை வேலை செய்தார்கள். அது கட்டுமான அட்டவணையிலேயே முன்கூட்டி எழுதியிருந்த வேலை.

எவ்வளவு நடந்தாலும் மண்ணுக்குள் இருப்பது முழுதாகத் தெரியாது. வேலை நடக்கும்போது ஏதாவது வெளிப்பட்டால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். சுற்றிக் கயிறு கட்ட வேண்டும். தளப் பொறியாளர் வழியாக வட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்ல வேண்டும். மண்ணில் கிடைத்த மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிப்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கட்டாயம். இரவுக்கு ஒரு காவலாள் வேண்டும்.

இது தாளில் இருந்தால் போதாது. ஒரு மணி நேரம் ஜேசிபி நின்றால் அந்த வாடகையை யார் தருவது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாழியைக் கண்ட ஓட்டுநர் இரண்டு வாளி மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நகர்ந்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நிறுத்த நேரத்துக்கான தொகையை மதிப்பீட்டுப் பட்டியலில் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பணி தொடங்கும் நாளில் ஓட்டுநர்களைக் கூட்டி, தாழி, கல்வட்டம், உறைகிணறு, சாம்பல் மண் எப்படி இருக்கும் என்று பெரிய படங்களாகக் காட்டுங்கள். அதே படங்களை ஓர் அட்டையில் அச்சிட்டு, தளப் பொறியாளரின் போன் நம்பரோடு ஒவ்வொரு இயந்திரத்தின் கேபினிலும் ஒட்டுங்கள். ஓட்டுநர்களில் பலர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அட்டை தமிழிலும் இந்தியிலும் இருக்கட்டும். மண் எடுக்கும் குழியில் நிற்கும் இயந்திரத்துக்கும் மறக்காமல் ஒன்று.